என் தாடை எலும்பும் மாமியின் சர்க்கரைப் பொங்கலும்

இன்று சாயங்காலம் பல் டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னார்: "எலும்பு ஸ்க்ரூவை நல்லாப் பிடிச்சிருக்கு. அடுத்த மாசம் பல்லைப் பொருத்திடலாம்."

எனக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். புதுப் பல்லைத் தாங்கத் தாடை எலும்பில் ஸ்க்ரூ வைத்த நாளிலிருந்து, ஐந்து மாதமாக இனிப்பைத் தொடவில்லை. மாத்திரை தப்பவில்லை. மழையிலும் குடை பிடித்துக்கொண்டு வாக்கிங் போனேன்.

அந்தச் சந்தோஷத்தில் நேராக மயிலாப்பூர் கோயிலுக்குப் போனேன். பிரசாத வரிசையில் எனக்கு முன்னால் எங்கள் மாடி வீட்டு மாமி. விஷயத்தைச் சொன்னேன்.

"டாக்டர் அப்படித்தான் சொல்லுவார். சுகர்காராளுக்கு எலும்பு எங்கடி ஒட்டப் போறது? கழட்டி மாட்டற பல் செட்டே போதும்னு அன்னிக்கே சொன்னேனே!"

சொல்லிக்கொண்டே இரண்டு தொன்னை சர்க்கரைப் பொங்கல் வாங்கி, ஒன்றை என் கையில் திணித்தார். நெய் வழிந்தது.

"மாமி, எனக்கு சுகர்னு இப்பதானே சொன்னீங்க?"

"பிரசாதம்டி. அது ஒண்ணும் பண்ணாது. வேண்டாம்னு சொல்லப்படாது."

தொன்னையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"பிரசாதம்னு எனக்குத் தெரியும் மாமி. என் எலும்புக்குத் தெரியாதே!"

மாமியின் முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும். ஐந்து மாதம் காவல் காத்த எலும்பை ஒரு தொன்னைக்கு விட்டுக்கொடுக்க முடியாது.

அடுத்த மாதம் புதுப் பல்லில் முதல் கடி, மாமி சுட்ட தட்டைதான். அதுவும் மாமியின் காதருகே நின்று கடிப்பேன்.

சத்தம் கேட்க யாரெல்லாம் வருகிறீர்கள்?