இரண்டு புயலும் கனகமணி டீச்சரும்

சங்கரன்கோவிலில் கனகமணி டீச்சர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. தம்பி சுந்தரராஜைக் கடல் கொண்டுபோனதிலிருந்து அப்படித்தான்.

சுந்தரராஜ், வத்தல் வியாபாரி தங்கப்பழத்திடம் கணக்குப்பிள்ளை. சுதந்திரத்துக்கு மறுவருஷம் ஐப்பசியில், தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு மிளகாய் வத்தல் ஏற்றிய தோணியோடு அவனைப் போகச் சொன்னார் தங்கப்பழம். வங்கக் கடலில் அப்போது இரண்டு புயல். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். தங்கப்பழமோ, பெரியது வடக்கே போகிறது, சின்னதும் பின்னாலேயே போய்விடும் என்று எல்லார் காதும் கேட்கச் சொல்லி, தயங்கிய தோணிக்காரர்களை விரட்டி அனுப்பினார். சின்னது போகவில்லை, தெற்கே திரும்பியது. தோணியின் கிழிந்த பாய் மட்டும் மணப்பாட்டுக் கரையில் ஒதுங்கியது.

துக்கம் கேட்க வந்த தங்கப்பழம், "புயல் திரும்பும்னு எவன் கண்டான் தாயி, எல்லாம் விதி" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தார். அந்த வார்த்தை அவளுக்குச் செரிக்கவேயில்லை.

எவனும் காணாததுதானா என்று கேட்க, பாளையங்கோட்டையில் ஒரு பேராசிரியரைத் தேடிப் போனாள். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் புயல்கள் ஒன்றையொன்று சுற்றும் என்றார் அவர். கிழக்கே நிற்பது வடக்கே ஏறும்போது, மேற்கே நிற்பது தெற்கே இறங்கும். வானத்தில் உயரே வீசும் மேல்காற்று மந்தமாக இருந்தால்தான் இந்தச் சுற்று. அது பலமாக வீசினால் இரண்டையும் ஆளுக்கொரு திக்காகப் பிரித்துவிடும்; சின்னதன் தலையையே சீவிவிடவும் கூடும். கனகமணி அழாமல் கேட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ரேடியோவில் வானிலை தவறாமல் கேட்டாள். குருவிகுளம் சம்சாரிகள்கூட விதைக்குமுன் மழை பற்றி அவளிடம்தான் விசாரிப்பார்கள். அதனால்தான் சில வருஷம் கழித்து, ஒரு கார்த்திகையில், தங்கப்பழமும் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். மகன் துரைப்பாண்டி தோணியேறத் தூத்துக்குடியில் காத்திருந்தான்.

"மறுபடியும் ரெண்டு புயலாம் டீச்சரம்மா. பெரியது வடக்க போகுதாம். பய போவலாமா?"

முன்பு நின்ற அதே இடங்களில்தான் இரண்டும் நிற்பதாக ரேடியோ சொல்லியிருந்தது. துரைப்பாண்டி அவளிடம் அஞ்சாம் வகுப்புப் படித்தவன். வேண்டாம் என்று ஒரு சொல் போதும்.

"பெரியது போனா சின்னதும் பின்னாலேயே போயிரும் அண்ணாச்சி. அனுப்புங்க."

தன் வார்த்தையே திரும்பி வருவது அவருக்குத் தெரியவில்லை. அன்று மத்தியானம் கனகமணிக்கு நல்ல பசி எடுத்தது. மறுசோறு போட்டுச் சாப்பிட்டாள்.

ஆனால் மேல்காற்று அவள் பக்கம் நிற்கவில்லை. கடலுக்கு மேலே ஓங்கி வீசிச் சின்னப் புயலின் தலையைச் சீவி, வெறும் மேகமாக்கிவிட்டது. பெரியது தன் வழியே போனது. துரைப்பாண்டி சுகமாகக் கொழும்பில் இறங்கினான்.

தங்கப்பழம் வாழைத்தாரோடு அவள் வீட்டுக்கு வந்து கும்பிட்டார். டீச்சர் வாக்கு பலித்தது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"அவன் சாகணும்னுதான் அனுப்பச் சொன்னேன்" என்றாள் கனகமணி.

தங்கப்பழம் தாரைத் திண்ணையில் வைத்தார். "உங்ககிட்ட படிச்ச புள்ளையாச்சே" என்றார்.

"சுந்தரராஜ் உங்க வீட்டுச் சோறு தின்ன புள்ளை. விதின்னீங்களே. இப்பம் சொல்லுங்க, விதியா?"

அவர் தாரை எடுத்துக்கொள்ளாமலே படியிறங்கினார். அவள் விடவில்லை. "திரும்பி வாரதும் கடல் வழிதான, அண்ணாச்சி" என்றாள் முதுகைப் பார்த்து.

வாடை ஓயும்வரை தங்கப்பழம் சரியாகத் தூங்கவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கனகமணிக்கு அது இனித்தது. தை பிறந்ததும் மகன் நல்லபடியாக வந்து சேர்ந்தான். டீச்சர் சொன்னதை அவர் அவனிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் தோணியில் சரக்கு அனுப்பவுமில்லை, டீச்சர் வீட்டுத் தெரு வழியே வரவுமில்லை.

அவரைக் கனகமணி கடைசிவரை மன்னிக்கவில்லை. துரைப்பாண்டி எதிரே வந்து "வணக்கம் டீச்சர்" என்று கைகூப்பும்போது மட்டும், அவள் தலை நிமிர்ந்ததில்லை.