நடிக்கச் சொன்னேன், நெசமாவே பேசிட்டான்!

இன்னைக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல...

(பிரவுசிங் சென்டர்ல ஒக்காந்து டைப் பண்ணுதேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.)

கோவில்பட்டி பக்கத்துல ஐடிஐல இங்கிலீஷ் எடுக்குதேன்ல? நம்ம ஃபிட்டர் பயலுவ இரும்பை அறுக்கச் சொன்னா அறுப்பானுவ. "குட் மார்னிங்" சொல்லச் சொன்னா தரையப் பாப்பானுவ.

அதான் நடிக்க வச்சுப் பழக்குதேன். ஒருத்தன் கஸ்டமர், ஒருத்தன் மெக்கானிக்.

இன்னைக்கு போன் இன்டர்வியூ! என் செல்லை லவுட் ஸ்பீக்கர்ல போட்டு மாரியப்பன் கையில குடுத்தேன். விளாத்திகுளம் பக்கத்துப் பையன். வீட்டுல எல்லாரும் ஆடு மேய்க்காவ. வகுப்புல வாயே தெறக்க மாட்டான்.

வெல்டர் வாத்தியார் சுடலை சார் ஆபீஸ் ரூம்ல இருந்து ஹெச்ஆர் மாதிரி பேசணும். அதான் ஏற்பாடு.

போன் அடிச்சது.

"மே ஐ ஸ்பீக் டு மாரியப்பன்?"

(சார் குரலை என்னமா மாத்துதாவ!)

நம்ம சார்தானேன்னு பயலுக்குத் துளி பயம் இல்ல. "எஸ் சார்! ஐ ஆம் மாரியப்பன், ஃபிட்டர்!"

"ஒய் டு யூ வான்ட் திஸ் ஜாப்?"

"சார், மை ஹவுஸ் மெனி கோட்ஸ். மை பிரதர் லைக் கோட்ஸ். ஐ லைக் மெஷின்!"

வகுப்பே கைதட்டுச்சு. அந்தப் பக்கமும் ஒரே சிரிப்பு.

"எனி கொஸ்டின்ஸ்?"

"எஸ் சார். ஹாஸ்டல் ஃபுட் குட்? டெல் ட்ரூத் சார்!"

அப்பதான் சுடலை சார் வாசல்ல வந்து நிக்காவ! மெதுவா, "ஸாரி மேடம்... என் போன்ல பேலன்ஸ் இல்ல."

அப்போ போன்ல யாரு?!

ஓசூர் கம்பெனிக்கு அப்ளிகேஷன் போட்டப்போ, வீட்டுல போன் இல்லன்னு இவனுக்கு என் நம்பரைத்தான் எழுதியிருந்தோம்!

போனைப் பிடுங்கிரலாமான்னு கை போச்சு. ஆனா உண்மை தெரிஞ்சா பயலுக்கு வாயடைச்சிருமே! நல்லவேளை, ஜன்னலைப் பாத்து நின்னு பேசிட்டிருந்தான். சாரைக் கதவுக்குப் பின்னால ஒளியச் சொன்னேன். (ஒளிஞ்சாவ!)

"ஃபுட் இஸ் ஓகே, மாரியப்பன். யூ ஆர் செலக்டட். கம் ஆன் மண்டே."

கட் ஆனதும் சொன்னேன், "ஏலே, அது நெசமான கம்பெனிலே!"

அப்படியே பெஞ்சுல ஒக்காந்துட்டான். முகமெல்லாம் வேர்வை.

அதைத் தொடச்சுக்கிட்டே, "மேடம், மொதல்லயே தெரிஞ்சிருந்தா ஹலோ கூடச் சொல்லியிருக்க மாட்டேன்." கண்ணு கலங்கிட்டு அவனுக்கு. எனக்குந்தான்.

சுடலை சார் கதவுக்குப் பின்னால இருந்து வந்து பாவமா கேக்காவ: "நான் இங்கிலீஷ்ல கேள்வியெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு வந்தேனே மேடம், அதை யார்ட்ட கேக்க?"

அதுவரைக்கும் தரையப் பாத்த பயலுவ அத்தனை பேரும் கையத் தூக்கிட்டு எந்திரிச்சு நிக்கானுவ.

"சார், ஆஸ்க் மீ சார்!"