வெந்நீரில் சுருங்கிய அலைனர்

நாற்பத்து மூன்றாம் வயதில்தான் முதன்முதலாகப் பல் வரிசையைச் சரிசெய்யப் போனேன். அழகுக்காக அல்ல என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. கீழ்முன்பற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்ததால் இடுக்கில் பிரஷ் போகாமல் ஈறு அடிக்கடி வீங்கியது. மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல்லும் இருந்தது. பீளமேட்டில் நான் பாடம் நடத்தும் கல்லூரிக்குப் பக்கத்திலேயே ஒரு பல் மருத்துவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். கம்பி கட்டலாம், இல்லாவிட்டால் அலைனர் போடலாம் என்றார். கம்பியோடு வகுப்பில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அலைனர் என்றேன்.

சில வாரங்களில் என் பற்களின் அச்சிலேயே செய்த, கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக் உறைகள் வந்தன. மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று. பத்து நாளுக்கு ஒரு முறை அடுத்த ஜோடி. சாப்பிடவும் பல் துலக்கவும் தவிரக் கழற்றக் கூடாது. கழற்றினால் டப்பாவில்தான் வைக்க வேண்டும். டிஷ்யூவில் சுற்றக் கூடாது. வெந்நீர் படவே கூடாது. மருத்துவர் இதை இரண்டு முறை சொன்னார். நானும் இரண்டு முறை தலையாட்டினேன்.

முதல் வாரம் பேச்சு குழறியது. எங்கள் மாதா கோவிலில் ஞாயிறு பூசைக்கு வாசகம் வாசிப்பவர்களில் நானும் ஒருத்தி. அந்த வாரத்து வாசகம் ‘சகோதர சகோதரிகளே’ என்று தொடங்கியது. வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்தும் அன்று மைக்கில் ஒரு சீழ்க்கை கலந்துதான் வந்தது. அடுத்த மாதத்துக்குள் நாக்கு பழகிவிட்டது.

ஆறாவது ஜோடி போட்டிருந்தபோது, உடன் வேலை செய்பவரின் மகளுக்கு அன்னூரில் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் டப்பா காரில் இருப்பது நினைவுக்கு வந்தது. இலையில் ஏற்கெனவே இனிப்பு வைத்துவிட்டார்கள். முந்தானையால் வாயை மறைத்து இரண்டையும் கழற்றி, டிஷ்யூவில் சுற்றி, இலைக்கு மேல்புறம் வைத்தேன். பக்கத்து இலையில் இருந்த, முன்பின் தெரியாத ஓர் அம்மா தன் தோட்டத்தில் போர்வெல் போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சோடு பேச்சாகச் சாப்பிட்டு, எழுந்து கை கழுவித் திரும்பினால் மேசையில் புதுத்தாள் விரித்திருந்தார்கள். பழைய தாளை இலைகளோடு சுருட்டி எடுத்துப் போய்விட்டார்கள்.

மண்டபத்தின் பின்பக்கம் ஓடினேன். நீல டிரம்மில் இலையோடு சுருட்டிய தாள்கள் குவிந்திருந்தன. பட்டுச் சேலையோடு அதற்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றவளை, இலை எடுக்கும் அக்கா ஒருவர் கவனித்தார். ஐம்பது வயது இருக்கும்.

“ஏனுங்க அம்மணி, எதாச்சும் விழுந்துபோச்சுங்களா?”

“பல்லுக்குப் போடறதுங்க. பேப்பர்ல சுத்தி வெச்சிருந்தேன்.”

“பல்லு செட்டுங்களா? இந்த வயசுலயேங்களா?”

இல்லை, பல்லை நேராக்குவது என்று விளக்கினேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. எந்தப் பந்தி, எந்த வரிசை என்று மட்டும் கேட்டார். பிறகு முழங்கை வரை டிரம்முக்குள் விட்டு, மேலே கிடந்த இரண்டை ஒதுக்கி, மூன்றாவதை எடுத்துத் தரையில் விரித்தார். ரசமும் பாயசமும் ஊறிய தாளுக்குள் என் டிஷ்யூ இருந்தது. இரண்டும் முழுசாக, கீறல்கூட இல்லாமல் கிடைத்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிளாஸ்டிக்குக்காகக் கலங்கியது அப்போதே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

“இருங்க, எச்சி எலைல கெடந்தது. கழுவிக் குடுக்கறேன்” என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனார். குழாய்த் தண்ணீரில் கழுவுவார் என்று நினைத்தேன். பின்னால் போய்ப் பார்ப்பதற்குள், அடுப்பில் கொதித்த அண்டாவிலிருந்து ஒரு சொம்பு மொண்டு தட்டில் இருந்தவற்றின் மேல் ஊற்றிவிட்டார். இரண்டும் என் கண் முன்னாலேயே உள்பக்கமாகச் சுருண்டன.

“சுடுதண்ணில கழுவிப்போட்டேனுங்க. இனி பயமில்லாமப் போட்டுக்கலாம்” என்றார்.

ரொம்ப நன்றிங்க என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். போட்டுப் பார்க்கச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து, ஊட்டுக்காரர் காத்திருக்கிறார் என்று உடனே கிளம்பினேன். அவர் கேட் வரை வந்து வழியனுப்பினார்.

காரில் கணவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வெந்நீர் ஆகாதுன்னு நீ அவங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றார். வாங்கி டப்பாவில் போட்டு மூடினேன்.

மறுநாள் மருத்துவர் திட்டவில்லை. நான்கு நாள் முன்னதாகவே அடுத்த ஜோடியைப் போடச் சொன்னார். அழுத்திப் போட்டபோது பற்களின் வேர் வரை வலித்தது. அந்த வாரம் முழுக்க இடியாப்பம்போல் மெத்தென்ற சந்தகையும் தேங்காய்ப்பாலும்தான். எப்படி வளைந்தது என்று மருத்துவர் கேட்டதற்கு, தெரியாமல் வெந்நீரில் போட்டுவிட்டேன் என்றேன். குறிப்பில் அப்படியே எழுதிக்கொண்டார்.

ஒன்றேகால் வருடத்தில் எல்லாம் முடிந்தது. அலைனர் நழுவாமல் நிற்கப் பற்களில் ஒட்டியிருந்த பிடிமானப் புள்ளிகளை உராய்ந்து எடுத்ததும் நாக்குக்கு எல்லாமே வழுவழுப்பாக இருந்தது. பெரிய சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்தது ஒரு சின்ன நிம்மதி: ஈறு வீங்குவதில்லை, கீரை மாட்டுவதில்லை. தெத்துப்பல் இருந்த இடத்தில் உதடு இப்போது கொஞ்சம் தட்டையாக விழுகிறது. என் அம்மா பார்த்துவிட்டு யாரோ மாதிரி இருக்கே கண்ணு என்றாள். நாக்கால் அந்த இடத்தை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.