ஷெரீப் பதவிக்கு நின்ற என் கணவர்

ஜெர்மனியில் ஹம்பேர்க்கிற்கு வெளியே ஒரு புல்வெளியில், கோடையில் சில நாட்களுக்குப் பழைய அமெரிக்காவின் எல்லைப்புற ஊர் ஒன்று முளைக்கும். பஸ் ஓட்டுநரும் பல் வைத்தியரும் கூடாரம் அடித்து, அகலத் தொப்பி போட்டு, அந்தக் காலத்துக் குடியேறிகளாக வாழ்வார்கள். இதற்கென்றே இருக்கும் சங்கத்தில் சேர்ந்த புதிதில் என் கணவரைக் குதிரைகளுக்கு வாளியில் தண்ணீர் காவ விட்டார்கள். பிறகு சொந்தக் கூடாரம் கிடைத்தது. போன கோடையில், அந்த ஊரின் காவல் தலைவரான ஷெரீப் பதவிக்கு ஆசைப்பட்டார்.

"உங்களுக்கு ஏனப்பா இந்த வேலை?" என்றேன்.

"நீர் போய் ரோல்ஸைப் பொரியும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

எங்கள் சொந்த ஊரில் கோயில் சபைத் தேர்தலுக்கு ஆள் பிடித்தது போலவே, கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் தட்டுடன் கூடாரம் கூடாரமாகப் போனார். அந்தக் காலத்தில் இல்லாத எதையும் முகாமுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது அங்கே சட்டம். அப்போதைய ஷெரீப், ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர், தட்டை மூடியிருந்த அலுமினியத் தாளைப் பறிமுதல் செய்தார். ரோல்ஸை நின்ற நிலையில் சாப்பிட்டார்.

விரும்பியவருக்குப் பின்னால் போய் நிற்பதுதான் அங்கே வாக்கு. எங்கள் வரிசை சற்று நீளம். அதில் பெண்கள்தான் கூடுதல். தபால்காரர் இரண்டு வரிசையையும் பார்த்தார்.

"அந்தக் காலத்திலை பொம்பிளையளுக்கு வாக்கு இல்லை. எல்லாரும் விலகுங்கோ," என்று ஜெர்மனில் அறிவித்தார்.

என் கணவரின் முகம் சுருங்கிவிட்டது. நான் கடையில் பாண் கேட்பதற்கே குரல் எழும்பாதவள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்தக் காலத்திலை உங்கடை காது மிஷினும் இல்லை," என்றேன். "அதையும் கழட்டுங்கோ."

தபால்காரரின் கை காதுக்குப் போனது. பிறகு அவருடைய மனைவி அவர் வரிசையிலிருந்தே கத்தினார். "செயற்கை முழங்காலும்தான்! போன வருசம் போட்டது!"

புல்வெளியே சிரித்தது. தபால்காரரும் தொப்பி விழும்வரை சிரித்தார். சிரித்தபடியே அவர் மனைவி எங்கள் பக்கம் வந்துவிட்டார். அதற்குமேல் சட்டம் பேசத் தபால்காரருக்கு வழியில்லை. ஷெரீப்பின் அடையாளமான தன் தகர நட்சத்திரத்தைக் கழற்றி என் கணவரின் சட்டையில் குத்தினார்.

திரும்பும்போது ரயிலில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள்.

"ஆக்கள் பாக்கினம். நட்சத்திரத்தைக் கழட்டுங்கோவன்."

"பாக்கட்டும். ஷெரீப்பின்ரை மனுசியையும் பாக்கட்டும்."

நட்சத்திரம் கொஞ்சம் சரிந்திருந்தது. எட்டி அதை நேராக்கிவிட்டேன்.