சாக்கு மெத்தை

திருவொற்றியூரில் மின்சாரப் பீங்கான் செய்த அந்தத் தொழிற்சாலையில், 1952-ல், பீங்கான் தகடுகளில் துளை போடும் பெஞ்சில் உட்கார்ந்த ஒரே பெண் கெங்கம்மா. புளியந்தோப்பிலிருந்து வருவாள். ஆறு வருஷம் களிமண் சுமந்து தோள் காய்த்துப்போனவள். ஆள் குறைந்த சமயம் சண்டை போட்டு வாங்கிய இடம் அது. அதை விட்டுக்கொடுக்கும் எண்ணம் அவளுக்கு அறவே கிடையாது.

வேலை லேசுப்பட்டதல்ல. பீங்கான் சூளையில் சுருங்கும். முன்பே துளையிட்டால் இடம் தவறிவிடும். அதனால் சுட்ட தகட்டில்தான் துளை. சுழலும் செம்புக் குழாயின் வாயில் எமரி என்ற கரகரப்பான அரைப்புப் பொடியும் தண்ணீரும் விட்டு, அரைத்து அரைத்து இறக்க வேண்டும். மேல்பக்கம் வட்டம் அச்சடித்தாற்போல வரும். குழாய் அடியில் வெளியேறும் கடைசி நொடியில்தான் விளிம்பு சில்லுசில்லாகப் பெயரும். பத்துக்கு நாலு தகடு குப்பைக்குப் போனது.

மேஸ்திரி வெள்ளத்துரைக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று: தகட்டுக்கு அடியில் சாக்கை மடித்துப் போடு, உடைந்தால் இன்னொரு மடிப்பு. பச்சைப் பிள்ளையைப் படுக்க வைப்பதுபோல் பீங்கானுக்கு மெத்தை! ஆண்கள் உடைத்தால் சரக்கு மட்டம் என்பார். கெங்கம்மா உடைத்தால் மட்டும் பொம்பளைக் கை. சனிக்கிழமைக்குள் உடைசல் நிற்காவிட்டால் மறுபடி மண் சுமக்கத்தான் என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார்.

அன்று வேலை முடிந்ததும் கெங்கம்மா குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து, உடைந்த தகடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். மெத்தை தடிக்கத் தடிக்கச் சேதமும் கூடியிருந்தது. அடியில் கெட்டியாகத் தாங்க ஒன்றுமில்லாமல், கடைசி மெல்லிய ஏடு அமுங்கி முறிகிறது, அவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை சாக்கை உருவி எறிந்தாள். காசிமேட்டில் படகுக்குப் பூசும் குங்கிலியத்தை வாங்கிவந்து உருக்கி, நல்ல தகட்டின் முதுகில் ஒரு கழிவுத் தகட்டை இடைவெளியில்லாமல் ஒட்டினாள். யாரைக் கேட்டு மெத்தையை எடுத்தாய் என்று வெள்ளத்துரை பாய்ந்தார்.

"ஒடஞ்ச தகடுங்களக் கேட்டேன் மேஸ்திரி. மெத்துனு கீது, அதான் பேத்துக்குது. இது ஒடஞ்சா நானே மண்ணு சொமக்கப் போறேன். ஒடையலன்னா இந்த பெஞ்சு என்னுது."

குழாய் இறங்கியது. முடிவு நெருங்கும்போது கையின் பாரத்தைக் குறைத்தாள். நல்ல தகட்டைத் தாண்டிக் கழிவுத் தகட்டில் பாதிவரை போனதும் நிறுத்தி, சூடுகாட்டிப் பிரித்தாள். வெள்ளத்துரை விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். பிசிறு இல்லை. சனிக்கிழமை மாலைக்குள் முப்பது தகடு, ஒன்றுகூடப் பெயரவில்லை.

அப்போதும் மனுஷருக்கு மனசு வரவில்லை. திங்கள் முதல் அந்த பெஞ்சில் துளை போடும் ஆண்களில் ஒருவனான ராசையா உட்காரட்டும், அவனுக்குக் காட்டிக்கொடு என்றார். கெங்கம்மா எழுந்திருக்கவில்லை.

"காமிக்கிறேன். பக்கத்து பெஞ்சுல குந்திக்கினு பாக்கச் சொல்லு."

வீட்டுக்குக் கிளம்பும்போது அந்தச் சாக்கை எடுத்துப் பட்டறை வாசலில் விரித்துப் போட்டாள். திங்கட்கிழமை காலை வெள்ளத்துரை அதில் கால் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, அவள் தன் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டாவது தகட்டைத் துளைத்துக்கொண்டிருந்தாள்.