கால்படாத மணல்

கிழக்கு வெளுப்பதற்குள் பெரிய மணல்மேட்டின் சரிவைத் துடைத்தாக வேண்டும். ஸுவைலிம் பழைய கம்பளம் ஒன்றின் இரு மூலைகளில் கயிறு கட்டி, அதன்மேல் மணல் மூட்டையை ஏற்றி, முதுகு வளைத்து இழுக்கிறார். முந்தின மாலை நூறு பேர் மிதித்துக் கலைத்த சரிவு அவருக்குப் பின்னால் சலவைத் துணியாக விரிகிறது. முன்னால் நடப்பதால் அவருடைய காலடியையும் அந்தக் கம்பளமே அழித்துவிடுகிறது.

'கால்படாத மணல்' என்று கூடார விடுதியின் வாசலில் பலகை எழுதி மாட்டியிருக்கிறார்கள். விருந்தாளிகள் போர்வையோடு வந்து நிற்பார்கள். மேட்டின் கத்தி விளிம்புக்கு ஒரு பக்கம் சிவப்பும் மறு பக்கம் நீலமுமாக வெளிச்சம் பிரியும்போது சிலர் அழக்கூடச் செய்வார்கள். அழுது முடித்ததும் சறுக்குப் பலகையில் உட்கார்ந்து சறுக்கத் தொடங்குவார்கள்.

துடைக்குமுன் ஸுவைலிம் ஒவ்வொரு தடத்தையும் படித்துவிடுவார். "இந்தம்மாவுக்கு வலது முட்டி போயிருச்சு. ஏறவிட்டிருக்கக் கூடாது." இன்னும் கொஞ்சம் தள்ளி: "இதுங்க ரெண்டும் ஏறும்போது ஒட்டிக்கிட்டு ஏறியிருக்கு. எறங்கும்போது பத்தடி எடவெளி. மேல என்னத்தப் பேசிச்சுங்களோ." காலை உணவின்போது அந்த இருவரும் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே பேரீச்சம்பழம் மெல்லுவார். சிரிக்க மாட்டார்.

செருப்பை இடுப்பில்தான் செருகியிருப்பார். மணல் கொதிக்கும் மத்தியானத்தில் அவர் மனைவி ஆட்டுமயிரில் பின்னிய காலுறை ஏறும். மாலைக்காட்சி அவருக்குப் பிடிபடாத விஷயம். "சூரியன் எறங்குறதுக்கு எதுக்குக் கைதட்டுறாங்க? திரும்பி வரச் சொல்றாங்களா?"

மனைவியின் தம்பி கல்ஃபான் அதே விடுதியில் ஜீப் ஓட்டுகிறான். டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, உச்சியிலிருந்து வண்டியைத் தலைகுப்புற விடுவான். உள்ளே அலறல் கேட்கும். ஸுவைலிம் முறைத்தால், "மச்சான், பயப்படத்தான் காசு குடுத்து வந்திருக்காங்க. நான் பயமுறுத்தலன்னா ஏமாத்துன மாதிரி ஆயிரும்" என்பான்.

ஸுவைலிமிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பெண் ஒட்டகம், ஸம்ஹா. சவாரிக்கு அதை விட்டதில்லை. ஆறு வருடம் சினை பிடிக்காமல் இருந்து, போன குளிர்காலத்தில்தான் நிறைசினையாக நின்றது. வயிற்றைத் தடவிப் பார்த்துக் கல்ஃபானிடம் சொன்னார்: "கன்னு குறுக்கால கெடக்கு. நான் கைவிட்டுத் திருப்பலன்னா ரெண்டும் போயிரும்."

இரண்டு நாள் கழித்து, பாதிச் சரிவைத் துடைத்திருந்தபோது ஸம்ஹாவின் தடம் குறுக்கிட்டது. கூடவே அறுந்த தளைக்கயிறு இழுபட்ட கோடு. பின்னங்கால் தடங்கள் அகன்று விழுந்திருந்தன. வலி கண்டதும் தனியிடம் தேடிப் போயிருக்கிறது. ஸுவைலிம் கயிற்றைக் கீழே போட்டார்.

நிர்வாகி நபீல் கைவிளக்கோடு ஏறி வந்தான். தலைநகரத்து ஆள், பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை; ஸுவைலிமை ஊர் வழக்கப்படி மகன் பேரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவான். "அபூ ஹுமைத், எங்க கெளம்பிட்டீங்க? நாப்பது பேர் எந்திரிச்சுட்டாங்க."

"ஒட்டகம் போயிருச்சு. ஈனப்போறா. கன்னு குறுக்கால கெடக்கு."

"அது எங்க போயிரும்? அரை மணி நேரம். முடிச்சுட்டுப் போங்க. காலடியப் பாத்தே கண்டுபுடிக்கிற ஆளு நீங்க. இந்த மணல்ல உங்ககிட்டேருந்து யாரு தப்பிச்சிருக்கா?"

உண்மையில் யாரும் தப்பியதில்லை. அந்தப் பெருமைதான் அவரைத் தடுத்தது. அந்தத் தடத்தின் மேலேயே கம்பளத்தை இழுத்து வேலையை முடித்தார். அதற்குள் வடகாற்று எழுந்துவிட்டது. அவர் உச்சியைத் தாண்டியபோது அந்தப் பக்கம் மணல் புகைந்துகொண்டிருந்தது. ஒரு தடமும் மிச்சமில்லை. இந்தப் பக்கம், நாற்பது பேரும் அசையாமல் நின்று படம் எடுத்தார்கள்.

மேய்ச்சல் இருக்கும் கிழக்கே தேடினார், கிணறு இருக்கும் தெற்கே தேடினார். மூன்றாம் நாள் வடக்கே இரண்டு காக்கைகள் சுற்றுவதைக் கல்ஃபான் கண்டான். காற்றுக்கு மறைவான ஒரு பள்ளத்தில் ஸம்ஹா கிடந்தது. கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே வந்திருந்தது. சுற்றிலும் தடங்கள் கலையாமல் இருந்தன. ஸுவைலிம் நின்று படித்தார்: படுத்தது, எழுந்தது, சுற்றியது, மறுபடி படுத்தது. பதினொரு தடவை.

"எவ்வளவு நேரம் உசுரோட இருந்திருக்கும், மச்சான்?"

"மறுநாள் மத்தியானம் வரைக்கும்."

அன்று மாலை அவர் நபீலின் கூடாரத்துக்குப் போனார். நபீல் எழுந்து நின்று வருத்தம் சொன்னான், உட்காரச் சொன்னான், தானே காப்பி ஊற்றிக் கொடுத்தான். ஸுவைலிம் அதைக் குடிக்காமல் மணலில் வைத்தார். அவருடைய இனத்தாரிடையே அப்படி வைத்தால் ஒரு முறையீடு இருக்கிறது என்று பொருள். கோப்பையைக் கண்டதுமே கூடாரத்துக்காரன், 'சொல்லு, கேக்கிறேன்' என்றாக வேண்டும். சொல்லாதவரை வந்தவன் வாய் திறக்கமாட்டான்.

நபீல் கோப்பையைப் பார்த்தான். "ஆறிப்போச்சா? குடுங்க, சூடா வேற ஊத்துறேன்." புதுக் கோப்பையை நீட்டிவிட்டு, நாளை வரும் கூட்டத்தைப் பற்றிப் போனில் பேச ஆரம்பித்தான்.

ஸுவைலிம் அதையும் வாங்கினார். முதல் கோப்பைக்குப் பக்கத்தில், சாய்ந்துவிடாதபடி மணலில் திருகி அழுத்தி வைத்தார்.