பாட்டுக்கு ஒரு பேட்டரி, கிளம்ப ஒரு பேட்டரி

மலைமேல் ஏரியில் மோட்டார் படகு ஓட்டுவது என் வேலை. சொன்னால், "அப்போ நாளெல்லாம் ஜனங்ககிட்ட பேசிக்கினே இருக்கணுமே" என்பார்கள். எனக்குப் பேச வராது. ஏறுகிறவர்களிடம் லைஃப் ஜாக்கெட்டை நீட்டுவேன். மாட்டத் தெரியாமல் முழித்தால் மாட்டிவிடுவேன். இறங்கும்போது கை கொடுப்பேன். வாய் திறக்க வேண்டிய இடத்தில் தலையை ஆட்டிச் சமாளித்துவிடுவேன்.

படகில் பழைய கேசட் பாட்டுப் பெட்டி வந்ததற்கும் அதுதான் காரணம். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால், "இங்க எவ்ளோ ஆழம்ணே? முதலை இருக்குதா?" என்று யாரும் கேட்பதில்லை. ஏரியின் நடுவில் போய் இன்ஜினை அணைத்துவிட்டுப் படகை மிதக்க விடுவேன். தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரியும். பாட்டு மட்டும் கேட்கும். கூரையின் ஓரத்தில் கட்டிய சீரியல் லைட் மினுக்கும். ஜனங்கள் படம் பிடிப்பார்கள், பிள்ளைகள் கை தட்டும். கொஞ்ச நேரம் கழித்து சாவியைத் திருப்பிக் கரைக்கு வருவேன். பேச்சே தேவைப்படாத ஏற்பாடு.

தேவைப்பட ஆரம்பித்தது பேட்டரியால்தான். பின் சீட்டுக்கு அடியில் இருந்த அந்த ஒரே பேட்டரிதான் இன்ஜினையும் கிளப்ப வேண்டும், பாட்டும் பாட வேண்டும், விளக்கும் எரிக்க வேண்டும். கூட்டம் அதிகமான ஒரு நாள், ஏரி நடுவில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றது. மறுபடியும் 'டிக்'. கையால் கயிறு இழுத்துக் கிளப்பும் வழி அந்த இன்ஜினில் உண்டு. ஆனால் கயிறு அறுந்து ரொம்ப காலம் ஆகியிருந்தது. கடைசியில் கரையிலிருந்து வாத்துப் படகு வந்தது. வாத்து மாதிரி தலை வைத்த மிதி படகு அது, காதலர்கள் மிதித்துப் போவது. அது முன்னால் மிதித்துப் போக, என் மோட்டார் படகு கயிற்றில் கட்டி இழுபட்டு வந்தது. கரையில் நின்றவர்கள் எல்லோரும் செல்போனை நீட்டினார்கள். எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்று மாலையே மகள் போன் செய்தாள். கள்ளக்குறிச்சியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள்.

"அப்பா, அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயித்துக்கெழம எங்க கிளாஸ் பொண்ணுங்க எல்லாம் மலைக்கு வர்றோம். உன் போட்டுலதான் போவணும்னு சொல்லிட்டாளுங்க."

"சரிம்மா."

"நடு ஏரியில நிறுத்தி பாட்டு போடுவியே, லைட்டு எரியுமே, எல்லாத்தையும் சொல்லி வெச்சிக்கிறேன். என் மானத்த வாங்கிடாதப்பா."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு வேறொன்றும் தெரியும். முதல் வருடம் அவள் அந்தக் காலேஜில் சேர்ந்தபோது, மலையிலிருந்து வந்த பெண் என்று அவளிடம் யாரும் அதிகம் பேசவில்லை. இப்போதுதான் நாலு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களை அவள் கூட்டி வரும் நாளில், அவள் அப்பனை வாத்து இழுத்து வரக் கூடாது.

என் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டேன். மச்சான் கீழே மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறான். பேட்டரி, ஒயர் என்றால் எங்கள் குடும்பத்தில் அவன்தான் வாத்தியார். படகைக் குத்தகைக்கு எடுத்திருப்பவரிடம் நான் விஷயத்தைச் சொல்ல, அவர் புதுப் பேட்டரிக்குச் சரி என்றார். மச்சான் அதை வாங்கி, வெள்ளிமலை பஸ்ஸில் இரண்டு காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வந்தான். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஆசிட் சாயாமல் கட்டிப் பிடித்திருக்கிறான். "குழந்தைய தூக்கினு வர்ற மாதிரி வந்தேன் மாமா. பக்கத்து சீட்டு பொம்பளை 'எத்தனாம் மாசம்'னு கேட்டுச்சு" என்றான்.

வேலை சீக்கிரம் முடிந்தது. இரண்டு பேட்டரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். பிளஸ்ஸையும் பிளஸ்ஸையும் கெட்டி ஒயரால் சேர்த்தான், மைனஸையும் மைனஸையும் சேர்த்தான். கையைத் துடைத்துக்கொண்டான்.

"அவ்ளோதான் மாமா. ரெண்டும் இனிமே ஒரே பேட்டரி. ஒரு நாள் பூரா பாடும்."

"நடுவுல ஒண்ணும் வேணாமா?"

"இன்னாத்துக்கு? சக்கரை ஆலை வாசல்ல எங்க வண்டியெல்லாம் இப்படித்தான். லோடு எறக்க விடியற வரைக்கும் லைன்ல நிப்போம். பாட்டு ஓடிக்கினே இருக்கும்."

அவன் சொன்னது உண்மை. நானே போய்ப் பார்த்திருக்கிறேன். அரவை நேரத்தில் கரும்பு டிராக்டர்கள் ரோட்டு ஓரமாகக் கண்ணுக்கெட்டிய வரை நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு. அதனால் எனக்கும் சந்தேகம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு வரை அமர்க்களமாகப் பாடியது. ஞாயிறு பிற்பகல், சங்கராபுரத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நடு ஏரியில் மிதந்துகொண்டிருந்தேன். மச்சானும் படகில் இருந்தான். அந்தக் குடும்பத் தலைவரிடம் "ரெண்டு பேட்டரிங்க இதுல" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தான். பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தது. பாடுகிற பெண்ணின் குரல் ஆண் குரல் ஆனது. பிறகு நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினேன்.

'டிக்.'

அந்தத் தலைவர் மச்சானைப் பார்த்தார். "இன்னா தம்பி, ரெண்டு பேட்டரின்ன. ரெண்டும் ஒண்ணா தூங்கிடுச்சா?"

"இருங்க சார், தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம்" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, மச்சான் எழுந்தே நின்றுவிட்டான்.

"தள்ளு. எறங்கித் தள்ளு" என்றார் அவர். அவர் சம்சாரம் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. அப்போதுதான் மச்சானுக்குச் சுற்றிலும் தண்ணீர் இருப்பது ஞாபகம் வந்தது. ஆலை லைனில் பேட்டரி இறங்கினால் நாலு பேர் கை கொடுத்துத் தள்ளுவார்கள். இல்லையென்றால் பின்னால் நிற்கிற டிராக்டரிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்புவார்கள். முன்னாலும் டிராக்டர், பின்னாலும் டிராக்டர். ஏரியில் எங்களுக்குப் பின்னால் நின்றது நாலைந்து கொக்குதான்.

மறுபடியும் வாத்து வந்தது.

அன்று ராத்திரி வீட்டில் மச்சான் பசி தாங்காமல் அடுப்படியை எட்டிப் பார்த்தான். சமையலுக்கு வைத்திருந்த சாமை தீர்ந்து, ரேஷன் அரிசிதான் வெந்துகொண்டிருந்தது.

"இன்னாக்கா, மலைக்கு வந்தும் ரேஷன் அரிசியா? அதோ அந்தப் பானையில சாமை இருக்குதே, அத குத்தறதுதான?"

"அது வெதைக்கு வெச்சது. கைய வெச்சிப் பாரு, இருக்குது உனக்கு."

"ரெண்டும் ஒரே சாமைதான?"

"ஒரே சாமைதான்டா. ஒரே பானையில கொட்டி வெச்சா நீ தின்னுகினே இருப்ப. மழை வர்ற அன்னைக்கு பானைய கவுத்தா தூசிதான் இருக்கும். அதனாலதான வாய்ல துணி கட்டி வெச்சிக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சத்தமாகச் சிரிப்பது அபூர்வம் என்பதால் இரண்டு பேரும் பயந்துவிட்டார்கள்.

"ஏங்க, இன்னா ஆச்சு?"

"உன் தம்பி ரெண்டு பானையையும் ஒண்ணா கொட்டிட்டாம்மே" என்றேன்.

விளக்கிச் சொன்னேன். இன்ஜினைக் கிளப்ப ஒரு பேட்டரி விதை மாதிரி தனியாக இருக்க வேண்டும். பாட்டு தின்னத் தின்ன அதில் குறையவே கூடாது. அவள் கேட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். "இத சொல்ல நீ மணலூர்பேட்டையிலேந்து வரணுமா? என்கிட்ட கேட்டிருந்தா ஒரு துணி குடுத்திருப்பேன், கட்ட."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினேன். கடையில் என்ன கேட்பது என்று வழி முழுவதும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அப்படியும் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்த பேட்டரி கடை வாசலில், உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் போகும் வரை நின்றேன். பிறகு கடைக்காரர்தான் கூப்பிட்டார்.

"இன்னா வண்டிங்க?"

"போட்டு."

"எது?"

"போட்டுங்க. தண்ணில போறது."

அவர் தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "நம்மூர்ல கடல் எப்போங்க வந்துச்சு?"

சிரித்துக்கொண்டேதான் எல்லாம் கேட்டார். நான் பானைக் கதையையே சொன்னேன். எனக்கு அதைவிடத் தெளிவாகச் சொல்ல வராது. அவருக்குப் பிடித்துப்போயிற்று. குழாயை மூடித் திறக்கிற மாதிரி கைப்பிடி வைத்த ஒரு கெட்டி சுவிட்ச்சை எடுத்து வைத்தார். இரண்டு பேட்டரிக்கும் நடுவில் பிளஸ் ஒயரில் அதை வைக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது கைப்பிடியைத் திருப்பினால் இரண்டும் சேர்ந்து சார்ஜ் ஏறும். இன்ஜினை அணைத்ததும் திருப்பிப் பிரித்துவிட வேண்டும். பாட்டும் லைட்டும் புதுப் பேட்டரியில் மட்டும். சாவி பழைய பேட்டரியில் மட்டும். "பிரிக்க மட்டும் மறந்துடாதீங்க. மறந்தீங்கன்னா பழைய கதைதான்" என்றார். ஒவ்வொரு பேட்டரிக்கும் பக்கத்திலேயே போட ஃபியூஸும் கொடுத்தார்.

ஒயரை நானே மாட்டினேன். மச்சான் டார்ச் பிடித்தான். மீதி நாளெல்லாம் பழகிக்கொண்டேன். சாவியை அணைக்கிற கை அப்படியே இறங்கிக் கைப்பிடியைப் பிரிக்க வேண்டும். சாப்பிட்டுக் கை கழுவி நிமிரும்போதும் என் கை பக்கத்தில் எதையோ திருப்பியது என்று மனைவி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் வந்தார்கள். வேனிலிருந்து இறங்கும்போதே சத்தம் ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். என் மகள் முன்னால் ஓடி வந்து, "இதான் எங்க அப்பா" என்றாள். எல்லோரும் ஒரே குரலில் "வணக்கம் அங்கிள்" என்றார்கள். நான் லைஃப் ஜாக்கெட்டை நீட்டினேன்.

காலையிலிருந்தே நல்ல கூட்டம். புதுப் பேட்டரி நிறையப் பாடிவிட்டிருந்தது. பெண்களை ஏற்றிக்கொண்டு நடு ஏரிக்குப் போய் அணைத்தேன், கைப்பிடியைப் பிரித்தேன். பாட்டு போட்டேன். உட்கார்ந்தபடியே ஆடினார்கள். ஒரு பாட்டு முடிந்தால் "இன்னொண்ணு அங்கிள், இன்னொண்ணு அங்கிள்" என்றார்கள். நல்ல பாட்டு ஒன்று பாதியில் இருந்தபோது குரல் இழுத்தது. சீரியல் லைட் மங்கியது. நின்றுவிட்டது.

"ஐயோ" என்றார்கள் எல்லோரும்.

மகள் என்னைப் பார்த்தாள். வாத்து என்னை இழுத்த கதையை அம்மா அவளுக்குச் சொல்லியிருக்கிறாள் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

ஒருத்தி என் காலடியில் இருந்த கைப்பிடியைக் கண்டுபிடித்துவிட்டாள். "அங்கிள், வரும்போது அத திருப்பனீங்களே. இன்னொரு பேட்டரி இருக்குதுல்ல? அதுலேந்து போடுங்க அங்கிள். ஒரே ஒரு பாட்டு!"

"ப்ளீஸ் அங்கிள்!"

திருப்பினால் பாட்டு வரும். யாராவது கெஞ்சினால் எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அத்தனை முகங்களும் என்னையே பார்த்தன. என் கை கைப்பிடி வரை போயிற்று.

"முடியாதும்மா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அது வெதைக்கு வெச்சது."

அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. என் மகளுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பானையைப் பார்த்து வளர்ந்தவள். "அதுல கை வெக்கக் கூடாதுடி" என்று அவளே மீதியைச் சொன்னாள். நான் சாவியைத் திருப்பினேன்.

ஒரே திருப்பு. இன்ஜின் சிங்கம் மாதிரி எழுந்தது. பெண்கள் ஓவென்று கத்தினார்கள். ஏதோ நான் ஏரியைத் தாண்டிக் குதித்தது மாதிரி கை தட்டினார்கள்.

"இன்னொரு வாட்டி அப்பா!" என்றாள் மகள்.

அணைத்தேன். திருப்பினேன். எழுந்தது. மறுபடியும் கை தட்டல். "இன்னொரு வாட்டி!" பாட்டுக்குப் பதில் அதுவே விளையாட்டாகிவிட்டது. அப்புறம் இன்ஜினை ஓட விட்டுக் கைப்பிடியைச் சேர்த்தேன். புதுப் பேட்டரிக்கும் சார்ஜ் ஏறட்டும் என்று ஏரியை மெல்லச் சுற்றி வந்தேன். அவர்களே பாடினார்கள். நடுநடுவே கேள்வி கேட்டார்கள், எவ்வளவு ஆழம், முதலை இருக்கிறதா என்று. பதில் சொன்னேன். முதலை இல்லை, ஒரு வாத்து இருக்கிறது, அதுதான் ஆபத்து என்றேன். நான்தான் சொன்னேன் அதை.

சொல்லி வாய் மூடவில்லை, எதிரில் அந்த வாத்தே வந்துகொண்டிருந்தது. உள்ளே மச்சான். பாட்டு நின்றதைக் கரையிலிருந்து கேட்டவன், பேட்டரி மறுபடியும் போய்விட்டது என்று முடிவு செய்து, தோளில் கயிற்றைப் போட்டுக்கொண்டு தனி ஆளாக மிதித்து வந்திருக்கிறான். சட்டை முழுக்க வியர்வை. எங்கள் இன்ஜின் ஓடுவதைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

"இன்னா மாமா, ஓடுதா?"

"ஓடுது மச்சான். நீ இன்னா இங்க?"

"காப்பாத்த வந்தேன்." மூச்சு வாங்கியது. "இனிமே என்னால மிதிக்க முடியாது மாமா. கால் செத்துப்போச்சு."

"அந்தக் கயிறத் தூக்கிப் போடுங்க மாமா!" என்றாள் என் மகள். கயிறு வந்தது. அவளே படகின் பின்பக்கம் கட்டினாள். பெண்கள் எல்லோரும் பின்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். நான் மெல்ல வேகம் கூட்டினேன். வாத்து தலையை ஆட்டிக்கொண்டு எங்கள் பின்னால் வந்தது. அதற்குள் மச்சான் கையைக் கட்டிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். கரையில் நின்றவர்கள் செல்போனை நீட்டினார்கள்.

இந்தத் தடவை நான் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. கரை நெருங்கும் நேரத்தில் யாரோ பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். பாதியில் நின்ற அந்தப் பாட்டு, நின்ற இடத்திலிருந்து மறுபடியும் பாட ஆரம்பித்தது.